வெளிநாட்டுப் பணித்தளத்தில் அன்றாடமும் விசுவாசமும்: அனுபவமுள்ளவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: கடல்கடந்தவன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞன். ஒரு மிஷனரி அமைப்பின் வழியாக இரண்டாண்டு ஊழியத்துக்காக வெளிநாடு ஒன்றுக்கு வந்திருக்கிறேன். அதில் ஏறக்குறைய பாதிக் காலம் கடந்துவிட்டது. நாட்டின் பெயரையும் அமைப்பின் பெயரையும் குறிப்பிடாமல் விடுவதைத் தவறாக எண்ண வேண்டாம். எங்களோடு பழகும் உள்ளூர் மக்களுக்கு என் எழுத்தால் எந்தச் சங்கடமும் வரக்கூடாது என்பதே காரணம்.

நான் கேட்க விரும்புவது அன்றாடத்தைப் பற்றி. புறப்படும் முன் நாங்கள் கேட்ட சாட்சிகளிலும் வாசித்த மிஷனரி வரலாறுகளிலும் ஒரு நாள் என்பது பிரசங்கமும் ஜெபமும் மனந்திரும்புதலுமாக நிறைந்திருந்தது. இங்கே என் நாட்கள் வேறுவிதமாகப் போகின்றன. காலையில் மொழி வகுப்புக்குப் போகிறேன். சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போய் வருதல் என்று மதியம் கரைந்துவிடுகிறது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தால், அரசு அலுவலக வரிசையிலேயே சில நாட்கள் முழுதாகப் போய்விடும். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், தனியாக வாழும் முதியவர்கள் சிலரைப் பார்த்துவிட்டு வருவதும் எங்கள் வேலை. இரவில் உடன் ஊழியரும் நானும் உட்கார்ந்து அன்றைய அறிக்கையை எழுதும்போது, எழுதுவதற்கு இன்று என்ன நடந்தது என்ற கேள்வியே மிஞ்சுகிறது. சுவிசேஷத்தைப் பற்றி ஒருவரோடு நிதானமாக அமர்ந்து பேசும் சந்தர்ப்பம் அரிதாகவே கிடைத்திருக்கிறது. கிடைத்தபோதும் என் பேச்சு சிறுபிள்ளையின் பேச்சாக இருந்ததால், மனதில் இருந்ததில் கால்பங்கைக்கூடச் சொல்ல முடியவில்லை.

இதைவிட என்னை வருத்துவது என் சொந்த ஜெப வாழ்க்கை. இதுவரை என் சபையும் நண்பர்களும் தாய்மொழிப் பாடல்களுமே என்னைத் தாங்கிக்கொண்டிருந்தன என்பது அவற்றைவிட்டு வந்த பிறகுதான் தெரிகிறது. இங்குள்ள ஆராதனை எனக்குப் பாதி புரிகிறது. புரிந்த பாதியும் இருதயத்தில் இறங்குவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. அதிகாலையில் வேதாகமத்தைத் திறக்கிறேன், வாசிக்கிறேன், மூடிவைக்கிறேன். தேவன் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்வதற்காகவே அனுப்பப்பட்ட ஒருவன் உள்ளே இவ்வளவு வறண்டிருந்துகொண்டு ஊழியக்காரன் என்ற பெயரோடு நடமாடுவது நேர்மைதானா?

உடன் ஊழியர் நல்ல மனிதர். ஆனால் ஒரே வீட்டில், ஒரே கால அட்டவணையில், நாள் முழுவதும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் வாழும்போது, அவர் விடியற்காலையில் உரத்த குரலில் ஜெபிப்பதும் நான் பாத்திரங்களைக் கழுவாமல் வைப்பதும் உபதேச வேறுபாடுகளைப் போலப் பெரிதாகிவிடுகின்றன.

கடைசியாக ஜெபக் கடிதம். எங்களைப் பொருளாலும் ஜெபத்தாலும் தாங்குகிறவர்களுக்கு மாதந்தோறும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதை எழுத உட்காரும்போது, நடந்ததைப் பெரிதாக்கி எழுத வேண்டிய கட்டாயத்தை உணர்கிறேன். பொய் எழுதுவதில்லை, ஆனால் எதை விட்டுவிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டில் ஊழியம் செய்தவர்கள், எந்தச் சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், நீங்கள் இதை எப்படி எதிர்கொண்டீர்கள் என்று எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள தம்பி, நானும் என் கணவரும் வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்காக நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது உங்கள் விசுவாசத்தைப் பற்றி எனக்குக் கவலை எழவில்லை. உங்கள் தூக்கத்தைப் பற்றித்தான் எழுந்தது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்டபோது, தேவதூதன் முதலில் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பிடச் சொன்னான், அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார், பிறகு இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவனுடைய சத்தம் அவருக்குக் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். இளம் ஊழியர்கள் பலர் உடல் சோர்வை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று தவறாகப் பெயரிட்டு, அதைக் குணப்படுத்த உபவாசத்தைக் கூட்டிக்கொண்டு, இன்னும் சோர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் கலாச்சார அதிர்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரை 1960-இல் வெளிவந்தது. அது வெளிவந்த இதழ் மிஷனரிகள் விரும்பி வாசித்த மானிடவியல் இதழ் என்பது உங்களுக்கு ஆர்வமூட்டலாம். புதிய நாட்டில் முதலில் எல்லாம் அழகாகத் தெரியும் பருவம், பிறகு எல்லாமே எரிச்சலூட்டும் பருவம், அதன் பிறகு மெல்லத் தேறும் பருவம் என்று அவர் விளக்கினார். அளவுக்கு மீறிக் கை கழுவுவது, குடிநீரைப் பற்றி ஓயாமல் கவலைப்படுவது, எல்லோரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று அஞ்சுவது, வீட்டு ஏக்கம் நெஞ்சை அடைப்பது ஆகியவற்றை அவர் அறிகுறிகளாகக் குறித்தார். பரிசுத்த மனிதருக்கு இவை வராது என்று எங்கும் எழுதப்படவில்லை. இரண்டாண்டு ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு உள்ள தனிச் சிரமம் என்னவென்றால், அந்த நடுப்பருவத்திலிருந்து தேறி, மொழி நாவில் நிற்கத் தொடங்கும் வேளையில் திரும்பிப் போகும் நாள் நெருங்கிவிடுகிறது.

மொழியைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என் வாழ்நாள் வேலை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தூதரக அதிகாரிகள் அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் போன்ற மொழிகளைப் பணிக்குத் தேவையான அளவு கற்க, ஏறக்குறைய 2,200 மணி நேர வகுப்பு வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுக்கு அதுவே முழுநேர வேலை. உங்களைப் போலச் சமையலும் வரிசையும் இடையில் இல்லை. ஆகவே ஓராண்டு முடிந்தும் சிறுபிள்ளையைப் போலப் பேசுகிறீர்கள் என்றால் நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள். மொழி வகுப்பை ஊழியத்துக்கு முந்தைய ஆயத்தம் என்று எண்ணுவதை நிறுத்துங்கள். உங்களைவிடச் சிறியவர்களும் படிக்காதவர்களும் உங்களைத் திருத்துவதற்கு இடம்கொடுத்து, அவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரிக்கக் கற்றுக்கொள்வது ஊழியத்தின் ஒரு பகுதியே. சொல்லப்போனால், உங்களிடம் அவர்கள் நம்பத்தகுந்ததாகக் காணும் முதல் குணம் அதுவாகவே இருக்கும்.

நீங்கள் வாசித்த வரலாறுகளில் பக்கங்களைப் புரட்டுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் 24 வயதில் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். அவர் கண்ட முதல் ஞானஸ்நானம் 1819-இல் நடந்தது. ராபர்ட் மாரிசன் என்ற மிஷனரி 1807-இல் சீனாவின் கான்டன் நகரை அடைந்து, 1814-இல்தான் முதல் ஞானஸ்நானத்தைக் கொடுத்தார். அங்கே தங்குவதற்கு வழியில்லாமல், 1809 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துகொண்டுதான் அவர் வேதாகமத்தைச் சீன மொழியில் கொண்டுவந்தார். தங்கும் அனுமதிக்காகக் காத்திருக்கும் வரிசையில் உங்களுக்கு முன்னால் பெரியவர்கள் நின்றிருக்கிறார்கள். ஜட்சனின் இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் ஒரு செவ்வாய்க்கிழமையாகவோ புதன்கிழமையாகவோ விடிந்து, இலக்கணத்தோடும் காய்ச்சலோடும் கழிந்திருக்கும்.

ஜெபக் கடிதத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

மறுமொழி: மறைப்பணியில் ஒரு சகோதரி

தம்பிக்கு வணக்கம். நான் கத்தோலிக்கத் துறவு சபை ஒன்றைச் சேர்ந்தவள். முதல் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த சில மாதங்களிலேயே வெளிநாட்டு மறைப்பணிக்கு அனுப்பப்பட்டேன். மேலே எழுதிய அம்மா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லா வறட்சியும் தூக்கத்தாலும் காலத்தாலும் தீர்ந்துவிடும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், தீராதபோது இரட்டிப்பாக உடைந்துபோவீர்கள்.

குழந்தை இயேசுவின் புனித தெரசாவை எங்கள் திருச்சபை மறைப்பணிகளின் பாதுகாவலராக வணங்குகிறது. 1927-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், புனித சவேரியாரோடு சேர்த்து அவரையும் அப்படி அறிவித்தார். மறைப்பணிக்காக ஒரு நாளும் கடல் கடக்காதவர் அவர். 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் போய், 24 வயதில், 1897-இல் அங்கேயே இறந்தார். மறைப்பணிக்குப் போன ஓர் இளம் குருவுக்கும் அதற்கு ஆயத்தமான ஒரு குருமாணவருக்கும் கடிதங்களால் துணையாக இருந்த அவர், தம் வாழ்வின் கடைசி ஒன்றரை ஆண்டு விண்ணகத்தைப் பற்றிய நினைவே இருண்டுபோன நிலையில் செபித்தவர். அன்னை தெரசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, 1929-இன் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்தவர். அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, ஏழைகள் நடுவே அவர் பணியாற்றிய ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதியை உள்ளத்தில் எந்த ஆறுதலும் இல்லாமல்தான் கழித்தார் என்று உலகம் அறிந்தது. இவர்களை நேர்மையற்றவர்கள் என்று சொல்லத் துணிவீர்களா? உணர்வு இல்லாமல் செபிப்பவன் பொய் சொல்பவன் என்றால், எங்கள் நாட்காட்டியில் உள்ள புனிதர்களில் பாதிப்பேரை நீக்க வேண்டிவரும்.

எனக்கு உதவியது ஒரு சாதாரணமான ஏற்பாடு. நாங்கள் நாள்தோறும் குறித்த வேளைகளில் திருப்புகழ்மாலை செபிக்கிறோம். அதில் என் மனநிலைக்கு ஏற்ற செபத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த நாளுக்கு உரிய திருப்பாடல் எதுவோ அதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் திருப்பாடல் 88 வரும். மீட்பின் கடவுளை அழைத்துத் தொடங்கி, அதன் பிறகு நம்பிக்கையின் ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடியும் பாடல் அது. முதன்முதலில் வெளிநாட்டில் அதைச் சொன்ன இரவில், இதைச் சொல்வதற்கும் திருச்சபை இடம் வைத்திருக்கிறதே என்று எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. உங்கள் மரபில் இப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட வேளைச் செபம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சங்கீதப் புத்தகம் உங்களிடமும் இருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வரிசையாக, தாய்மொழியில், வாய்விட்டு வாசியுங்கள். அதிலிருந்து ஏதாவது கிடைத்ததா என்று முடிவில் சோதித்துப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனைதான் உங்களைக் களைப்பாக்குகிறது என்று நினைக்கிறேன்.

உடன் ஊழியரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். துறவு மடங்களில் வெளியாட்கள் நினைப்பதைவிட அதிகமாகக் கதவுகள் ஓங்கி அடைக்கப்படுகின்றன. உங்கள் வீட்டு நிலைமை அசாதாரணமானது அல்ல.

மறுமொழி: மறுகரைக்காரன்

நான் கிறிஸ்தவன் அல்லன். இந்த உரையாடலில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேற்று நாட்டு இளம் மிஷனரிகள் சிலர் என் குடும்பத்தாரோடு பல ஆண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். அவர்களில் சிலரை எனக்குப் பிடிக்கும், சிலரைப் பிடிக்காது. கதவைத் தட்டுபவர்களின் தரப்பு இங்கே விரிவாகப் பேசப்பட்டுவிட்டது. கதவைத் திறப்பவர்களின் தரப்பில் நின்று சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் மாலைநேரப் பாடத்தையும் முதியவர்களைப் பார்த்து வருவதையும் ஊழியத்துக்கு வெளியே வைத்து எழுதியிருக்கிறீர்கள். அந்த முதியவர்களுக்கு அது தெரிந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு மனிதர் நம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மனம் நம்மிடம் இருக்கிறதா, நம்மைப் பற்றி இரவில் எழுதப்போகும் அறிக்கையில் இருக்கிறதா என்பது, மொழி தெரியாவிட்டாலும், எங்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் விரும்பிய மிஷனரிகள் எங்களிடமிருந்து எதையாவது வாங்கிக்கொண்டவர்கள்: கெட்டுப்போன பூட்டைச் சரிசெய்ய என் தந்தையைக் கூப்பிட்டவர்கள், காய்ச்சலில் கிடந்தபோது அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வதற்கு மறுப்புச் சொல்லாதவர்கள். கொடுப்பதற்கு மட்டுமே வந்தவர்களோடு எங்களால் நெருங்க முடியவில்லை. உங்கள் வேதத்திலேயே, கப்பல் உடைந்து கரையேறிய பவுலுக்கு மெலித்தா தீவினர்தான் முதலில் நெருப்பு மூட்டிக் குளிர்காயவைத்தார்கள் என்று இருக்கிறதல்லவா?

ஜெபக் கடிதத்தைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு வயது 24 நிரம்ப ஒரு நாள் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற அவர், தென்னிந்தியர்களின் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி 1713-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவரை ஆதரித்த, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. மிஷனரியிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது வேறு வகையான எழுத்து. அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867-இல்தான் அந்நூல் சென்னையில் அச்சேறியது. ஆக, அனுப்பியவர்கள் கேட்க விரும்புவதற்கும் அனுப்பப்பட்டவன் கண்டதற்கும் இடையே உள்ள இழுபறி உங்களோடு தொடங்கியதல்ல. இன்று நான் விரும்பி வாசிப்பது, அவர் எங்களைக் கூர்ந்து கவனித்து எழுதிய அந்த நூலைத்தான். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற எண்ணிக்கைகளை யாரும் தேடிப் போவதில்லை.

இன்னொன்று: உங்களோடு பழகுகிறவர்களின் படங்களையும் குடும்பக் கதைகளையும் அவர்களுக்குத் தெரியாமல் எங்கோ உள்ள அந்நியர்களுக்கு அனுப்பாதீர்கள். "இவர்களுக்காக ஜெபியுங்கள்" என்ற தலைப்பின் கீழே தம் வறுமை விவரிக்கப்படுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். நான் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் இருந்த நேர்மைதான் என்னை எழுதவைத்தது.

மறுமொழி: திரும்பி வந்த எல்டர்

நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். மார்மன்கள் என்றால் பலருக்குத் தெரியும். எல்டர் என்பது எங்கள் ஆண் ஊழியர்களை அழைக்கும் பட்டம். எங்கள் உபதேசத்தை இங்குள்ள பலர் ஏற்கமாட்டீர்கள் என்பதை அறிவேன். அதைப் பேச நான் வரவில்லை. ஆனால் இளைஞர்களைப் பெருந்தொகையில் வெளிநாட்டுக்கு அனுப்பிய அனுபவம் எங்கள் சபைக்கு நிறைய இருக்கிறது. ஆண்கள் 24 மாதம் ஊழியம் செய்கிறோம். 2012-இல் எங்களுக்கான குறைந்தபட்ச வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும், துணையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, காலையில் எழும் நேரமும் இரவில் விளக்கணைக்கும் நேரமும் வகுக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கட்டுப்பாடுகளை எண்ணிப் பலர் எங்கள்மேல் இரக்கப்படுவார்கள். எனக்கு அவற்றில் இரண்டு பேருதவியாக இருந்தன. ஒன்று, வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டைச் சுத்தம் செய்யவும் வீட்டாருக்கு எழுதவும் என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த வேலைகளுக்கு உரிய இடம் அட்டவணையிலேயே இருப்பதால், அவை ஊழிய நேரத்தைத் திருடுகின்றன என்ற குற்ற உணர்வு எங்களுக்கு எழுவதில்லை. உங்கள் மதியங்கள் கரைவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைகளை ஒரே நாளில் சேர்த்துவைத்துப் பாருங்கள். மற்றொன்று, வாராந்தரத் திட்டமிடலின் முடிவில் துணைவர்கள் இருவரும் தங்கள் உறவைப் பற்றியே மனம்திறந்து பேச வேண்டும். யாருக்கும் கோபம் வராத வேளையில், வழக்கமான கடமையாக அது நடப்பதால், பாத்திரத்தைப் பற்றிய பேச்சு பாத்திரத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடும். கோபம் வந்த பிறகு பேசினால் அதே பேச்சு ஒருவருடைய அழைப்பையும் குணத்தையும் குறித்ததாக மாறிவிடுகிறது. பவுலும் பர்னபாவும்கூட மாற்கு என்ற இளைஞனை அழைத்துப் போவதா வேண்டாமா என்று தர்க்கித்துப் பிரிந்தார்கள். ஒரே வீட்டில் கடைசிவரை இருந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அவர்களுக்கு இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

வீட்டாரோடு பேசுவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. முன்பெல்லாம் எங்கள் ஊழியர்கள் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம்; 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம் என்று மாற்றினார்கள். நான் அந்த மாற்றத்துக்குப் பிறகு போனவன். வாரத்துக்கு ஒருமுறை என்பது எனக்குப் பொருத்தமான அளவாக இருந்தது. நாள்தோறும் இரவில் கைபேசியில் வீட்டிலேயே வாழ்ந்துகொண்டு, பகலில் மட்டும் அந்த நாட்டில் இருக்கிறவர்களுக்குத் தேறும் பருவம் வரத் தாமதமாகும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: கடல்கடந்தவன்

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. கைபேசியைப் பற்றிய கணிப்பு என்னைப் பொறுத்தவரை சரியானது. இரவு நேரங்கள் பெரும்பாலும் அதில்தான் போகின்றன. சகோதரி சொன்ன சங்கீத ஒழுங்கை உடன் ஊழியரிடம் சொன்னேன். அவர் வியப்போடு, தாம் உரத்து ஜெபிப்பதே உள்ளே எதுவும் கேட்காததால்தான் என்றார். இத்தனை மாதங்களாக அவரிடம் இதைப் பற்றி நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. இப்போது காலையில் ஒரு சங்கீதத்தை மாறிமாறி வாசிக்கிறோம்.

மறுகரைக்காரன் ஐயா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நான் நம்புவதை இந்த மக்களுக்குச் சொல்லும் விருப்பத்தோடுதான் இங்கே வந்திருக்கிறேன். அதை மறைத்துக்கொண்டு நண்பனாக மட்டும் பழகுவதும் ஒருவகை ஏமாற்று ஆகாதா?

மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் ஜெபக் கடிதத்தைப் பற்றிக் கேட்கக் காத்திருக்கிறேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் எண்ணிக்கைகளை எதிர்பார்க்கிறார்: எத்தனை வீடுகள், எத்தனை பேர், எத்தனை கூட்டங்கள்.

மறுமொழி: மறுகரைக்காரன்

மறைக்க வேண்டாம். நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும். அதை நேராகச் சொல்கிறவர்களையே மதிக்கிறோம். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதே தேநீர் நேரத்துக்கு, அதே முகத்தோடு வருகிறீர்களா என்பதைத்தான் கவனிக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் அப்படி வந்தார். இன்றும் எங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

தம்பி, கடிதத்துக்கு வருகிறேன். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தை, அது ஒரு ஜெபக் கடிதம் என்று எண்ணிக்கொண்டு வாசியுங்கள். ஆசியாவில் தாங்கள் பட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்று வெளிப்படையாக எழுதி, அதே மூச்சில் அவர்களுடைய ஜெப உதவியையும் கேட்கிறார். அந்தச் சபையில் அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே அவர் தம் சோர்வை மறைக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் கேட்கும் எண்ணிக்கையைக் கொடுங்கள். அது அவருடைய வேலைக்குத் தேவையாக இருக்கும். ஆனால் அறிக்கை வேறு, கடிதம் வேறு. அறிக்கையில் எண்களும், கடிதத்தில் உங்கள் நாளும் இருக்கட்டும். மொழி வகுப்பு எப்படிப் போகிறது, அலுவலக வரிசையில் யாரோடு பேசினீர்கள், எந்தச் சங்கீதத்தை வாசிக்கிறீர்கள், எதற்காக ஜெபிக்க முடியாமல் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நாங்கள் அப்படி எழுதத் தொடங்கியபோது ஆதரவாளர்களில் சிலர் விலகினார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிலைத்து நின்றவர்கள் தங்கள் வீட்டு வறட்சியையும் எங்களுக்குத் திருப்பி எழுதினார்கள். நாங்கள் அவர்களுக்காக ஜெபிக்கும் வாய்ப்பு அதுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுகரைக்காரன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடிதத்தில் யாரைப் பற்றியாவது எழுதினால், அந்தப் பத்தியை அவருடைய மொழியில் அவருக்கே வாசித்துக்காட்ட முடியுமா என்று பாருங்கள். கூச்சமில்லாமல் முடியும் என்றால் அனுப்பலாம், முடியாது என்றால் எடுத்துவிடுங்கள். உங்கள் மொழி ஆசிரியரிடம் அதைத் திருத்தக் கொடுத்தால் பயிற்சியும் ஆகிவிடும். அடுத்த கடிதத்தின் வரைவை எழுதிய பிறகு, பெயர்களை நீக்கிவிட்டு இங்கே இடுங்கள். வாசித்துக் கருத்துச் சொல்கிறேன்.